கடைசியில் வருபவரின் சட்டை

அத்தியாயம் பதினான்கு

கடைச் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையின் மேல் அவள் தன் பயணத் திட்டக் காகிதத்தை ஒட்டியபோது, மேல் வரிசைப் பெரிய எழுத்து மட்டும் வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கீழே இருந்த பொடி எழுத்துகள் எல்லாம் மறைந்துபோயின.

"நல்ல இடம் பார்த்து ஒட்டினே போ" என்றார் அப்பா. "நாளைக்கு எவனாவது வந்து உக்காருவான். மூணாவது வரியைப் படிங்கன்னு சொன்னா, 'ஒன்பது பத்துக்கு வாழைப்பழம்'னு படிப்பான். நான் என்ன கண்ணாடி எழுதிக் குடுக்கிறது?"

"கூட்டம் முடிஞ்சதும் கிழிச்சிடறேம்பா."

வார விடுமுறை. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மூன்று சுவர்களிலும் வரிசை வரிசையாக வெறும் கண்ணாடிச் சட்டங்கள், பார்க்கக் கண்ணில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. மாடியில் அண்ணியின் தையல் மெஷின் ஓடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

அவளுக்கு அந்த வீட்டில் பெயர் அட்டவணை. பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று பதினேழு வருடமாகக் கட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். வைத்தது பெரியவன், அவளுடைய அண்ணன். அவன் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது.

வருடம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஆட்களையும் சிநேகிதர்களையும் திரட்டி மலைக்குச் சைக்கிளில் கூட்டிப் போவான் பெரியவன். போன வருடம் போனவர்களில் அவன் மட்டும் திரும்பவில்லை. அதோடு அந்தப் பேச்சே ஓய்ந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, போன வாரம் அண்ணி மாடிப்படியில் நின்றபடி, "இந்த வருஷமும் போறோம். அதே வழி. நானும் வரேன்" என்று சொல்லிவிட்டாள். அஞ்சு மாதமாக விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் புருஷனுடைய சைக்கிளை ஓட்டிப் பழகியிருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் வெளியே வந்தது. திட்டம் போடும் பொறுப்பு அட்டவணையின் தலையில் விழுந்தது.

ஷட்டருக்குக் கீழே முதலில் ஒரு காகிதப் பை நுழைந்தது, பிறகு ஒரு கை, அப்புறம் வெகு நேரம் கழித்து மிச்ச உடம்பு. பேக்கரிக்காரர். பெரியவனோடு ஒன்றாகப் படித்தவர். நூற்றுப்பத்து கிலோ.

"இந்த ஷட்டரை இன்னும் ரெண்டு அடி தூக்கினா உங்க கடை கொள்ளை போயிடுமாப்பா?"

"நீ நுழைஞ்சதுக்கப்புறம் திருடனுக்கு இடமே இருக்காதேடா" என்றார் அப்பா.

பேக்கரிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரை நோக்கினார். "ஆறு மணிக்குக் கிளம்பறோம், சரி. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். அதுல பதினெட்டு ஏத்தம். தங்கச்சி, இதைப் படிக்கிறப்பவே எனக்கு மூச்சு வாங்குது."

"உங்களை வெச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றாள் அட்டவணை. "ஏத்தத்துல மணிக்கு ஆறு கிலோமீட்டர். அதுக்கு மேல யாரும் மிதிக்க வேண்டாம்."

"நம்ம பல் டாக்டர் மணிக்குப் பன்னெண்டுல போவாரே?"

"போகட்டும். போய் ஒவ்வொரு பிரிவுலயும் நிக்கட்டும். வேணும்னா ரெண்டாவது நிறுத்தத்துல இருந்து குளம் வரைக்கும் வேகமா போறவங்க தனியா ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். மத்தவங்க அதுக்குள்ள நேர்வழியில வந்து சேர்ந்துடுவோம்."

அவள் எழுந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து விளக்கினாள். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். எட்டாவது கிலோமீட்டரில் சோதனைச் சாவடி, அங்கே வேன் நிற்கும். முடியாதவர்கள் வெட்கப்படாமல் ஏறிக்கொள்ளலாம். பகல் ஒரு மணிக்கு யார் எங்கே இருந்தாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், அப்படியே திரும்பிவிட வேண்டும்.

"இது என்ன, 'ஓய்வு: கடைசி ஆள் வந்த பிறகு பத்து நிமிடம்'?"

"அது அண்ணன் போட்ட விதி. வேகமா போறவங்க முதல்ல வந்து உக்காந்து நல்லா ஓய்வெடுத்துக்குவாங்க. மெதுவா வர்றவங்க வந்து சேர்ந்ததும், 'வந்தாச்சா, கிளம்பலாமா'ன்னு எழுந்துடுவாங்க. பாவம், யாருக்கு ஓய்வு வேணுமோ அவங்களுக்குத்தான் ஓய்வே கிடைக்காது. அதனால கடைசி ஆள் வந்து உக்காந்த நிமிஷத்துல இருந்துதான் கடிகாரம்."

பேக்கரிக்காரர் தலையை ஆட்டினார். "எனக்காகத்தான் போட்டான் அதை" என்றார் பிறகு. "எல்லார் முன்னாடியும் எனக்காகன்னு சொல்லாம, விதின்னு சொல்லிட்டான்."

பெரியவனின் விதிகளில் இன்னும் இரண்டு உண்டு. வழி பிரியும் இடத்தில் எல்லாம் ஒருவர் நிற்க வேண்டும். அவருக்குக் கைகாட்டி என்று பெயர். பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டிக்கொண்டே நிற்பார். எல்லோருக்கும் பின்னால் வருவது பெரியவன். அவன் ஆரஞ்சு நிற மழைச்சட்டை போட்டிருப்பான். அந்த நிறத்தில் வேறு யாரும் உடுத்தக் கூடாது. கைகாட்டி ஆரஞ்சைக் கண்ணால் பார்க்கும்வரை நகரக் கூடாது. பார்த்துவிட்டால் கையைத் தூக்குவார். ஆரஞ்சும் கையைத் தூக்கும். அவ்வளவுதான், இனிப் பின்னால் யாரும் இல்லை என்று கைகாட்டி கிளம்பிவிடலாம்.

போன வருடம் மூன்றாம் பிரிவில் கைகாட்டியாக நின்றவன் சின்னவன், வீட்டின் கடைக்குட்டி. பெரியவன் அங்கே வந்து சேர்ந்தபோது பிரிவில் யாரும் இல்லை. வழி தெரியாதவனா அவன்? தம்பி நிற்க வேண்டிய இடத்தில் தம்பியைக் காணோமே என்று, இடது பக்கம் சரிவாக இறங்கும் ஒற்றையடிப் பாதையில் தேடிப் போயிருக்கிறான். 'சின்னவனே, சின்னவனே' என்று கூப்பிடும் குரலை வனக் காவலர் ஒருவர் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார். சாயங்காலம் அந்தச் சரிவின் அடியில்தான் அவனை எடுத்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா சின்னவனோடு பேசுவதில்லை. சின்னவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, நகரத்தின் அந்தப் பக்கம் ஒரு வாடகை அறை. அவன் சைக்கிள் மட்டும் கடைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது.

"பத்துப் பிரதி எடுத்திருக்கியே, நாம ஒன்பது பேருதானே?" பேக்கரிக்காரர் மேசையிலிருந்த தாள்களை எண்ணினார்.

"அண்ணி பத்து எடுக்கச் சொன்னாங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முறுக்குவதில் மும்முரமாக இருந்தார். பேக்கரிக்காரர் தனக்கும் வெளி ஆட்களுக்குமாக ஆறு தாள்களை எடுத்து மடித்துக்கொண்டார். "அடுப்புல ரொட்டி வேகுது, வரேன்" என்று, வந்தபடியே தவணை தவணையாக ஷட்டருக்கு வெளியே போனார்.

தையல் சத்தம் நின்றிருந்தது. அண்ணி படியிறங்கி வந்தாள். கழுத்தில் அளவு நாடா, தோளில் நூல் பிசிறு. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஆனால் கையில் இருந்தது சீருடை இல்லை.

ஆரஞ்சு. புத்தம் புதுசு.

"மூணு நாளாச்சு. மழைத்துணி ஊசிக்கு வசப்படவே மாட்டேங்குது" என்று அதை மேசையில் விரித்தாள். "பழசுதான் அந்தச் சரிவுல எங்கயோ போயிடுச்சே. அதுல தோள்பட்டை ரெண்டு தடவை கிழிஞ்சுது, பை வார் உரசி. ரெண்டு தடவையும் நான்தான் ஒட்டுப் போட்டேன். இதுல முதல்லயே ரெட்டைத் தையல் போட்டுட்டேன். பாரு, இழுத்துப் பாரு."

அட்டவணை இழுத்துப் பார்க்கவில்லை. கை வரவில்லை.

"என்னடி, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு அண்ணி."

"அப்ப ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

அவள் பதில் சொல்வதற்குள் ஷட்டருக்கு வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன. கிரீஸ் படிந்த காக்கி பேன்ட். கால்கள் கொஞ்ச நேரம் நின்றன, திரும்பிப் போவது போல ஒரு அடி நகர்ந்தன, மறுபடி வந்தன.

"குனிஞ்சு உள்ள வா" என்றாள் அண்ணி. "நான்தான் வரச் சொன்னேன் மாமா."

சின்னவன் உள்ளே வந்தான். பாதி ஆளாகியிருந்தான். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருப்பவன் மாதிரி.

அப்பா தலை நிமிரவில்லை. "அட்டவணை, கடைக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லு."

"அப்பா..."

"கண் டெஸ்டுன்னா நாளைக்கு வரச் சொல்லு. ஆனா அந்தக் கண்ணுக்கு டெஸ்டே தேவையில்லைன்னு சொல்லு. என் கையால ஏழு வயசுலேருந்து பார்த்த கண்ணு. அந்த மூலையில நின்னா இந்த அட்டையில கடைசி வரியைப் படிக்கும். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு மலைமேல, வராத ஆளு வந்த மாதிரி தெரிஞ்சுதாம். கையத் தூக்கினானாம்!" திருகாணி விரலிலிருந்து நழுவித் தரையில் எங்கோ உருண்டது. "மழைச்சட்டை இல்லாம சில்லிட்டுக் கிடந்தவன், கையத் தூக்கினானாம்."

இதே சொற்களை அவர் பதினோரு மாதமாகச் சொல்லி வருகிறார். மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் சின்னவன், 'ரெண்டு வளைவு கீழே ஆரஞ்சைப் பார்த்தேம்பா, கை தூக்கினேன், அண்ணனும் தூக்கினான், அப்புறம்தான் கிளம்பினேன்' என்று சொன்னபோது, அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார். அந்த அறையின் சத்தத்தில் அட்டவணையின் வாயிலிருந்து வரவிருந்த ஏதோ ஒன்று உள்ளேயே போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

முதல் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் தாமதித்த பஸ், கடைசி நிறுத்தத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போகும். இது அவளுக்குத் தெரியாததா?

"ஞாயித்துக்கிழமை இவன் வரான் மாமா" என்றாள் அண்ணி. "மூணாவது பிரிவுல இவன்தான் நிக்கணும். இல்லைன்னா நான் அந்த இடத்தைத் தாண்ட மாட்டேன்."

"பொய் சொல்றவன் காட்டற வழியில நான் வர மாட்டேன்."

சின்னவன் கருவிப் பையின் வாரைப் பிடித்தபடி தரையையே பார்த்தான். வரும்போதே முடிவு செய்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன் போல நிதானமாகப் பேசினான்.

"அப்பா சொல்றதுதான் சரி, அண்ணி. நான் அன்னிக்கு யாரையும் பார்க்கல. மழை, குளிரு. விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. கொஞ்ச நேரம் நின்னேன். யாரும் வரல. கிளம்பிட்டேன். அடிக்குப் பயந்து, பார்த்தேன்னு சொன்னேன். பொய்தான். என்னை மன்னிச்சுடுங்கப்பா. ஞாயித்துக்கிழமை நான் சரியா நிக்கறேன்."

அப்பா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். முகத்தில் இருந்த இறுக்கம் ஒவ்வொரு சுருக்கமாக விட்டது. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல், பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் மகன் பக்கம் தள்ளினார். உட்காரு என்று அர்த்தம்.

எல்லாம் கூடி வந்துவிட்டது. இனி யாரும் எதையும் கிளற மாட்டார்கள். அப்பா பேசுவார், சின்னவன் வீட்டுக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் பத்துப் பேராகப் போய் வருவார்கள். அட்டவணை வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும். பதினோரு மாதமாகச் செய்ததுதானே. இன்னும் ஒரு நிமிடம்.

சின்னவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கையை முழங்காலில் வைத்தான். கருவிப் பை அப்போதும் தோளிலேயே இருந்தது.

"அவன் பொய் சொல்றான்" என்றாள் அட்டவணை.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"இப்ப சொல்றதுதான் பொய். அன்னிக்கு அவன் பார்த்தான். ஆரஞ்சு வந்துச்சு. கையைத் தூக்குச்சு." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "தூக்கினது நான்."

பிறகு அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். அன்று அவளும் பெரியவனும்தான் கடைசி. இரண்டாம் நிறுத்தம் தாண்டியதும் மழை பிடித்தது. அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. அந்த நேரம் பார்த்து அவன் பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. 'நீ நின்னா விறைச்சுப் போயிடுவே, மிதிச்சுக்கிட்டே இரு, நான் ட்யூபை மாத்திட்டு வந்து புடிச்சுக்கறேன்' என்று, தன் மழைச்சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டி, குழந்தைக்குப் போடுகிற மாதிரி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். 'உனக்கு?' என்று கேட்டாள். 'நாலு தடவை பம்ப் அடிச்சா சூடு தானா ஏறும், போ அட்டவணை, உன் நேரமாகுது' என்றான்.

"மூணாவது பிரிவுக்கு ரெண்டு வளைவு கீழே வர்றப்ப, பனிமூட்டத்துல மேலே யாரோ கையைத் தூக்கினாங்க. நானும் தூக்கினேன். சும்மா. நம்மைப் பார்த்து யாராவது கை தூக்கினா நாமளும் தூக்குவோமில்ல, அந்த மாதிரி. என் உடம்புல என்ன சட்டை இருக்குங்கிற நெனப்பே இல்லை. மேலே போறேன், யாருமில்லை. எனக்குத்தான் வழி தெரியுமே, போய்க்கிட்டே இருந்தேன். அடுத்த நிறுத்தத்துக்கு முன்னாடியே வெயில் வந்துடுச்சு, கழட்டிச் சுருட்டிப் பைக்குள்ள வெச்சேன்."

"விதி போட்டவரே அதை மீறி..." என்று அண்ணி ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

அப்பா வலிக்கும் மூட்டோடு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தம்பியைக் காப்பாத்தறதுக்காகப் பேசறே. சின்ன வயசுலேருந்தே அவன் உடைச்சதை எல்லாம் நான்தான் உடைச்சேன்னு சொல்லுவே. நம்ப மாட்டேன்."

"பத்து நிமிஷம் இருங்க" என்றாள் அவள்.

இரண்டு தெரு தள்ளி, டிப்போ குடியிருப்பில் மூன்றாம் மாடியில் அவள் வீடு. எப்படிப் போனாள், எப்படிப் படியேறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் நினைவிருந்தது. தெருமுனையில் ஒரு பஸ் நான்கு நிமிடம் தாமதமாக வந்து நின்றது. வழக்கமாக அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. நாற்காலி போட்டு அலமாரியின் தலைமேல் கையை நீட்டினாள். பழைய போர்வைகளுக்கு அடியில் அந்தச் சுருட்டல் அப்படியே இருந்தது. அன்றைக்கு வைத்ததுதான். ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

திரும்பி வந்து புதுச் சட்டையின் பக்கத்தில் அதை வைத்தாள்.

அண்ணிதான் பிரித்தாள். மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்க்கும்போது சரசரவென்று சத்தம் போட்டது. உள்பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. ஆரஞ்சு நிறம் வெளிறி, பழுப்பு தட்டியிருந்தது. இடது தோளில் இரண்டு ஒட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. அண்ணி அந்தத் தையலைக் கட்டைவிரலால் தடவினாள். தான் எந்த நூலில், எந்த அவசரத்தில் போட்டது என்று விரலுக்குத் தெரியும்.

"ஈரத்தோட மடிச்சு வெச்சிருக்கே" என்றாள்.

அட்டவணைக்கு, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சின்னவன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தான். சட்டையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.

"எந்தக் கையைத் தூக்கினே?"

"வலது கை."

"முழுசா தூக்கலையே. பாதி."

"குளிரு. முழங்கைக்கு மேல தூக்க முடியல."

அவன் மெல்லத் தலையசைத்தான். "ஆமா. பாதிதான் தூக்குச்சு." மூச்சை இழுத்து விட்டான். "அப்பா அடிச்சது, பேசாதது, அதெல்லாம் பரவால்லக்கா. நாலஞ்சு மாசத்துக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெசமாவே பார்த்தோமா, இல்ல, போகணுங்கிற அவசரத்துல நாமளே ஒண்ணை உண்டாக்கிக்கிட்டோமான்னு. தினம் கண்ணை மூடி அந்த வளைவைப் பார்ப்பேன். ஒரு நாள் ஆரஞ்சு இருக்கும். ஒரு நாள் இருக்காது. கடைசியில இல்லவே இல்லைன்னு ஆயிடுச்சு. இன்னிக்கு நான் சொன்னேனே, பார்க்கலன்னு. பொய்னு நெனைச்சுச் சொல்லலக்கா. அதுதான் நெசம்னு நெனைச்சுச் சொன்னேன்."

"டேய்..." அவள் கை அவன் தோளை நோக்கிப் போனது. அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். கோபமாக நகரவில்லை. கொதிக்கும் பாத்திரத்தை விட்டு ஒதுங்குவது போல நகர்ந்தான்.

தாள்கள் இருந்த மேசையருகே போய்க் கருவிப் பையைச் சரிசெய்துகொண்டான். அப்பா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு மகனிடம் நேராக முதல் கேள்வி கேட்டார்.

"உன் சைக்கிள் டயர்ல காத்து இருக்கா?"

சின்னவன் திரும்பவில்லை. "தெரியல. அன்னிக்கு வெச்சதுதான்."

குனிந்து ஷட்டருக்கு வெளியே போய்விட்டான். காக்கிக் கால்கள் இந்தத் தடவை தயங்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தடவித் தடவிப் பின்கட்டுப் பக்கம் நடந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வாசற்படிகூடத் தெரியாது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் உதறுவார் என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணி பழைய சட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புதியதை எடுத்து அட்டவணையின் பக்கம் நீட்டினாள்.

"கடைசி ஆள் நீதான்."

"அண்ணி, என்னால முடியாது. வேற யாராவது..."

"நீதான். நான் மெதுவாத்தான் மிதிப்பேன். எனக்குப் பின்னாலயே வா. என்னைத் தாண்டிப் போயிடாதே." சட்டையை அவள் கையில் திணித்தாள். "இதைக் கழட்டி யாருக்கும் குடுக்காதே. யாரு நடுங்கினாலும் சரி. நானே நடுங்கினாலும் சரி."

"அண்ணி..."

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே. அதுக்கு எத்தனை நாள் ஆகும்னு எனக்கே தெரியாது. உன் அட்டவணையில அதுக்கெல்லாம் கட்டம் போட்டு வெச்சுடாதே." பழைய சட்டையை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

மாடியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறையும் சத்தம். பிறகு பிரஷ் வைத்துத் துணி தேய்க்கும் சத்தம். தேய்த்தது, நின்றது, மறுபடி தேய்த்தது.

அட்டவணை சுவருக்குப் போனாள். கடைசி ஆள் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். மூன்றாம் பிரிவு, கைகாட்டி என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. எதையும் எழுதாமல் மூடினாள். கடைக்குள் வெயில் சாய்ந்து, ஷட்டரின் அடியில் ஒரு கோடு போல விழுந்திருந்தது.

மிச்சத் தாள்களை அடுக்கினாள். பத்தில் ஆறு போனால் நான்கு. அப்பாவுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, தனக்கு ஒன்று, அண்ணி கேட்டு வாங்கிய அந்த ஒன்று.

மூன்றுதான் இருந்தன.

மறுபடி எண்ணினாள். ஸ்டூலுக்கு அடியில் பார்த்தாள், புதுச் சட்டையை உதறிப் பார்த்தாள். அப்பாவின் திருகாணி கிடைத்தது. தாள் கிடைக்கவில்லை. வாசல் காற்றில் பறந்ததா, யாராவது எடுத்துப் போனார்களா?

கடைக்குப் பின்னால் ஒரு சத்தம் தொடங்கியது. புஸ், புஸ், புஸ். யாரோ பம்ப் அடிக்கிறார்கள். நாலு அடி அடித்ததும் நின்றது. மூட்டு வலிக்காரரின் முனகல். ஒரு பெருமூச்சு. மறுபடி நாலு.

அட்டவணை ஆரஞ்சுச் சட்டையை மார்போடு பிடித்தபடி, நிரப்பாமல் விட்ட கட்டத்துக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டிருந்தாள்.